நாயகன் முகத்தில் வந்தவன்

நம் மொரிஷியஸின் கத்ர் போர்னிலிருந்து எழுதியிருக்கும் தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் ஒரு மாயாஜால நாவல் எழுதுகிறீர்கள். கடல் நடுவே ஒரு தீவு, அதைக் காத்து நிற்கும் மாறன் என்ற வீரன். எரிமலை வாயில் தேங்கிய கரிய ஏரியிலிருந்து சூனியக்காரி ஒருத்தி அவனைப் போலவே இருக்கும் ஒருவனை எழுப்பி அனுப்புகிறாள். வந்தவன் தானியக் களஞ்சியத்தைக் கொளுத்துகிறான், படகோட்டியின் குடும்பத்தைக் கொல்கிறான், மாறனின் குருவையே கோயில் வாசலில் வெட்டிச் சாய்க்கிறான். பழி முழுவதும் மாறன்மேல் விழுகிறது. படித்துப் பார்த்த நண்பர்கள் இரண்டு குறை சொன்னார்களாம். பத்து வருடம் தங்களைக் காத்தவனைக் கொலைகாரன் என்று ஊர் ஒரே இரவில் எப்படி நம்பியது? அவன் குற்றமற்றவன் என்பது கடைசியில் எப்படி வெளிப்படும்? மூன்றாவதாக, அந்தப் போலிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பிய எட்டு அத்தியாயங்களையும் படித்தேன். ஏரியிலிருந்து போலி எழுந்து வரும் இடம் நன்றாக வந்திருக்கிறது. தண்ணீர் அவன் தோளில் ஒட்டாமல் வழிவதை எழுதிய கை, கிராண்ட் பாசான் ஏரிக்கரையில் விடியற்காலையில் நின்ற ஒருவருடைய கை என்று தெரிகிறது. ஆனால் அந்த முகத்தைச் செய்யும் மந்திரத்துக்கு மூன்று அத்தியாயம் கொடுத்த நீங்கள், அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு மூன்று வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். ‘ஊரே அதிர்ந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டீர்கள். நண்பர்கள் இடறி விழுந்த இடம் அதுதான். இந்த வகைக் கதையில் மந்திரம் கால் பங்கு. மிச்சம் முக்கால் பங்கும் சாட்சிகள்.

1994 உங்களுக்குப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட ஆண்டாக இருக்கும். அந்தப் பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் அடித்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த இருட்டில் பிறந்தவன்தான் ‘துனி மின்வி’, நள்ளிரவு அம்மணன். உடம்பெல்லாம் எண்ணெய் பூசியிருக்கிறான், பிடித்தால் வழுக்கிவிடுகிறான், கூரைவிட்டுக் கூரை தாவுகிறான், பெண்கள் தனியாக இருக்கும் வீட்டில் இறங்குகிறான், நாயாக மாறிவிடுகிறான், லூகாரு என்ற ஓநாய் மனிதன், யாரோ லொங்கானிஸ்ட், அதாவது சூனியக்காரன், ஏவிவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆண்கள் தடியோடு தெருமுனைகளில் காவல் நின்றார்கள். ‘நின்றார்கள்’ என்று எழுதுவது நேர்மையில்லை. நானும் நின்றேன், கரும்பு வெட்டும் கத்தியோடு. பகலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், இரவில் பேய்க்குக் காவல்.

எங்கள் கிராமத்தில் ஒரு ரொட்டிக்காரர் இருந்தார். இரவு இரண்டு மணிக்குச் சைக்கிளில் பேக்கரிக்குப் போவார். புயலுக்குப் பிறகு பாதையில் மரங்கள் விழுந்து கிடந்ததால் நடந்து போய்க்கொண்டிருந்தார். அடுப்புச் சூட்டில் கை வெடிக்காமல் இருக்க முழங்கைவரை தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது அவர் வழக்கம். யாரோ டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் முதலில் விழுந்தது அந்தக் கைமேல். பளபளவென்று மின்னியது. அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் அவர் கையால் ரொட்டி வாங்கித் தின்றவன் நான். அன்றைக்கு எனக்கு அவர் முகம் தெரியவே இல்லை, கைதான் தெரிந்தது. தோளில் இரண்டு அடி விழுந்த பிறகுதான் ஒருவர் முகத்தில் டார்ச் அடித்தார். அப்போது கூட்டத்தில் ஒரு குரல் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: ‘பார், ரொட்டிக்காரர் மாதிரியே முகத்தை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்!’

தம்பி, அந்த வாக்கியத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். அவர் அவராகவே இருந்ததுதான் அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. உங்கள் நாவலில் போலியைப் பார்த்து ஊர் ‘இது மாறன்’ என்கிறது. உண்மையான பயம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது: மாறனே நேரில் வந்து நின்று ‘நான் மாறன்’ என்று சொல்லும்போது, ‘அதைத்தானே அவனும் சொல்வான்’ என்று ஊர் பதில் சொல்லும் இடம்.

அவரைக் காப்பாற்றியது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தத் தந்திரத்தை நம் இலக்கியத்தில் மிகக் கச்சிதமாகச் செய்து காட்டியவன் ஒருவன் இருக்கிறான், அவனை முதலில் பார்த்துவிடுவோம். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன். அந்தக் கதையில் மாயமும் இல்லை, ஆளுக்குப் போலியும் இல்லை. போலியாக நிற்பது சிலம்பு. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே; அதைப் போலவே இன்னொரு சிலம்போடு கோவலன் வந்து அவன் கண்ணில் படுகிறான். இதுவரை எல்லாருக்கும் தெரியும். பலர் வேகமாகப் படித்துக் கடந்துவிடும் இடம் அதற்கு அடுத்தது. காவலர்களுக்குக் கோவலனைப் பார்த்தவுடன் தயக்கம் வருகிறது. இவன் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் அசரவில்லை. ஏளனமாகச் சிரித்துவிட்டு ஒரு வகுப்பே எடுக்கிறான். கள்வர்களுக்குத் துணை எட்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றையும் விளக்குகிறான். மந்திரத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள், மருந்தால் மயக்குவார்கள் என்று அடுக்குகிறான். எல்லாம் முடியும்போது கோவலனுடைய கள்ளமற்ற முகமே அவன் கைதேர்ந்த கள்வன் என்பதற்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது. அதற்குமேல் யோசிக்கத் தெரியாத ஒருவன் வாளை வீசுகிறான். மற்ற காவலர்கள் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஊர் முழுவதும் நம்ப வேண்டியதில்லை. ஒருவன் யோசிக்காமல் இருந்தால் போதும், மற்றவர்கள் தாமதமாக இருந்தால் போதும்.

ஆகவே உங்கள் சூனியக்காரிக்கு ஒரு பொற்கொல்லன் தேவை. மந்திரமே தெரியாத ஒருவன், ஊரில் மதிப்புள்ளவன், விளக்கம் சொல்லத் தெரிந்தவன். ‘மாறன் நல்லவன்தான், அதனால்தான் இத்தனை நாள் நாம் கண்டுபிடிக்கவில்லை’ என்று சந்தையில் நின்று பேசுபவன். அவன் சூனியக்காரிக்குக் கூலியாள் என்று தயவுசெய்து வைக்காதீர்கள். தானே நம்பிப் பேசட்டும்.

அடுத்து மாறன். இவன் மிகவும் சுத்தமாக இருக்கிறான், அதுதான் கோளாறு. பழி ஒட்ட ஒரு பசை வேண்டும். மயில் இராவணன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. கூத்தும் மலிவுப் பதிப்புகளும் வளர்த்த கதை. அனுமன் தன் வாலைச் சுருட்டிக் கோட்டை கட்டி, இராமனையும் இலக்குவனையும் உள்ளே வைத்துக் காவல் நிற்கிறான். மயில் இராவணன் விபீடணன் வடிவில் வந்து உள்ளே நுழைந்து இருவரையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். உண்மையான விபீடணன் வந்து நிற்கும்போது பழி அவன்மேல் திரும்புகிறது. ஏன் விபீடணன் உருவம்? சுக்கிரீவனாகவோ சாம்பவானாகவோ வந்திருக்கலாமே? விபீடணனை எல்லாரும் உள்ளே விடுவார்கள், அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அவன் எதிரியின் தம்பி. அவன் அடைக்கலம் கேட்டு வந்த நாளில் சுக்கிரீவன் வேண்டாம் என்றான்; அனுமன்தான் பரிந்து பேசினான். அந்தச் சந்தேகம் ஒருநாளும் முழுவதாகச் சாகவில்லை. போலி வேடம் அந்தச் சாம்பலை ஊதிவிட்டது, நெருப்பு ஏற்கெனவே அடியில் இருந்தது.

மாறனுக்கு அப்படி ஒரு சாம்பலைக் கொடுங்கள். ஒருமுறை கோபத்தில் அந்தப் படகோட்டியை ஊர் நடுவே அறைந்திருக்கட்டும். களஞ்சியத்துக் கணக்கை அவன் கேள்வி கேட்டிருக்கட்டும். குருவிடம் பேசாமல் மூன்று மாதம் இருந்திருக்கட்டும். மூன்றும் வேண்டாம், ஒன்று போதும். அப்போதுதான் ‘எப்படி நம்பினார்கள்’ என்று உங்கள் நண்பர்கள் கேட்கமாட்டார்கள். கேட்பதற்குமுன் அவர்களே பாதி நம்பியிருப்பார்கள்.

பழையனூர் நீலி கதை இதற்கும் ஒரு படி மேலே போகிறது. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க, பேயாக வந்தவள் நீலி. அவன் இப்போது வணிகன். அவன் மனைவியின் உருவத்தை எடுத்துக்கொண்டு, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் 70 பேர் கூடிய சபையில் வந்து அழுகிறாள். கணவன் என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்கிறாள். அவன் ‘இது பேய்’ என்று கத்துகிறான். சபை என்ன செய்யும்? குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். அது தத்தித் தத்திப் போய் ‘அப்பா’ என்று அவன் மடியில் ஏறுகிறது. தீர்ப்பு முடிந்தது. அவன் தற்காப்புக்கு வைத்திருந்த மந்திர வாளையும், பெண் பயப்படுகிறாள் என்று அவர்களே வாங்கி வைத்துவிட்டு, ‘இவனுக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் உயிர் கொடுப்போம்’ என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஓர் அறையில் அனுப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் பிணம். எழுபது பேரும் சொன்னபடி உயிரை விடுகிறார்கள். திருவாலங்காட்டுத் தேவாரத்தில் சம்பந்தர் குறிப்பிடும் அளவுக்குப் பழைய கதை இது. நாம் ‘நீலிக்கண்ணீர்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு இந்தக் கதையில் கண்ணீரைவிடப் பயமாக இருப்பது அந்தச் சபை. கெட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. சொன்ன சொல்லுக்காகச் செத்தவர்கள். ஒரு கட்டை ‘அப்பா’ என்று கூப்பிட்டதில் கவிழ்ந்துபோனார்கள்.

வாசுதேவன் நான்தான் என்று கண்ணனுக்கே ஆள் அனுப்பிய பவுண்டரகனை நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சங்கும் சக்கரமும் கருடக் கொடியுமாக வேடம் கட்டிக்கொண்டு வருபவன். அவனை விட்டுவிடுங்கள். அவனுக்குக் கண்ணனின் பெருமை வேண்டும், கண்ணன்மேல் பழி போடும் எண்ணம் இல்லை. நாடகமேடை வேடக்காரனைப் போல இருந்தான் என்று பாகவதமே சிரித்துவிட்டுப் போகிறது.

இனி இரண்டாம் கேள்வி. நிரூபிப்பது எப்படி?

நீங்கள் கடிதத்தில் சொல்லியிருக்கும் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். ஊர் நடுவே இருவரும் வாளோடு மோதுகிறார்கள், போலி வெட்டுப்பட்டுக் கருந்தண்ணீராக உருகுகிறது, சூனியக்காரி எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறாள், ஊர் மன்னிப்புக் கேட்கிறது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டால் போலி இருக்கிறது என்பது குருடனுக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நிரூபிக்க என்ன மிச்சம்? இந்தக் கதையின் வேதனையே, இருவரும் ஒரே நேரத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான்.

கற்பனையை விட்டு நடந்த ஒன்றைப் பாருங்கள். லண்டனில் அடால்ஃப் பெக் என்று நார்வேக்காரர் ஒருவர். தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொண்டு பெண்களிடம் மோதிரமும் கடிகாரமும் சுருட்டிய ஒருவன் இவன்தான் என்று 1895ல் ஒரு பெண் தெருவில் அடையாளம் காட்டினாள். அடுத்தடுத்துப் பல பெண்கள் வந்து இவரையே காட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்கள். 1877ல் இதே மோசடிக்காக ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒருவன் தண்டனை பெற்றிருந்தான்; அவனும் பெக்கும் ஒருவரே என்றார்கள். அந்த ஆண்டில் தாம் பெரு நாட்டில் இருந்ததாகப் பெக் சொன்னார். அந்தப் பழைய வழக்கைப் பற்றிய சாட்சியத்துக்கு இங்கே இடமில்லை என்று நீதிபதி தடுத்துவிட்டார். 1896ல் ஏழு ஆண்டு சிறை. இடையில் சிறைப் பதிவேட்டிலிருந்து ஓர் உண்மை தலை காட்டியது: ஸ்மித் சுன்னத் செய்யப்பட்டவன், பெக் செய்யப்படாதவர். இதைவிடத் தெளிவாக உடம்பு எப்படிப் பேசும்? ஆனாலும் அவரை விடவில்லை. முன்தண்டனை பெற்றவர் என்பதைக் குறிக்கும் கைதி எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்! 1901ல் வெளியே வந்தவரை 1904ல் மறுபடி அதே குற்றத்துக்காகப் பிடித்து, மறுபடி குற்றவாளி என்றார்கள். அவர் உள்ளே இருந்த நேரத்தில் அதே மோசடி வெளியே நடந்து, உண்மையானவன் மாட்டிக்கொண்டான். அதனால்தான் பெக் தப்பினார். 5,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். 1907ல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறந்ததற்கு இந்த வழக்கு பெரிய காரணம்.

இதில் நாவலுக்கு இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, மாறன் சிறையில் இருக்கும்போது போலி இன்னொரு குற்றம் செய்தால் கதை முடிந்துவிடும் என்பது சூனியக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் கெட்டிக்காரி என்றால் மாறன் பிடிபட்டவுடன் போலியை ஏரிக்குள் அழைத்துக்கொள்வாள். மாறனுக்கு நல்லது நடக்க வேண்டுமானால் அவன் பிடிபட்டது அவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு முடிச்சில் ஐந்து அத்தியாயம் எழுதலாம். இரண்டு, சான்று கிடைப்பதோடு விஷயம் முடிவதில்லை. சான்று பதிவேட்டில் கிடக்கும், அதைத் திறக்கக் கை வராது. பாண்டியன் சபையில் சிலம்பை ஒருமுறை உடைத்துப் பார்த்திருந்தால் போதும். உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். கண்ணகி வந்து உடைக்கும்வரை அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதிவேடு என்றதும் உங்களுக்கு நம் ஊர்ச் சரக்கு ஒன்று தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் படிகளில் ஏறியிருப்பீர்கள், பதினாறு படி. அங்கே இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவரையும் எழுதி வைத்த பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. எண், பெயர், தந்தை பெயர், வயது, உயரம், ஊர், உடம்பில் உள்ள அடையாளம். முத்துசாமி என்ற பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கிறுக்கியிருப்பார்; அந்தக் கிறுக்கல் இன்று ஒரு பரம்பரையின் குடும்பப் பெயராக நிற்கும். ஆனால் மச்சத்தையும் தழும்பையும் பற்றிய குறிப்பு அந்த மனிதனுக்கு மட்டுமே சொந்தமானது. 1867 சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்த பழைய ஆட்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். சீட்டைக் காட்ட முடியாதவரை நாடோடி என்று பிடித்தார்கள். அந்தக் கொடுமைக்கு எதிராக 1871ல் அதோல்ஃப் த பிளெவிட்ஸ் என்பவர் முன்னின்று அனுப்பிய மனுவில் 9,401 பேர் பெயர் இருந்தது. ஒரு மனிதன் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே, ‘நீ நீதான் என்பதற்கு என்ன அத்தாட்சி’ என்று கேட்கும் தீவு இது. மாயாஜாலம் எழுத வெளியே எங்கும் போக வேண்டாம்.

உங்கள் தீவின் துறைமுகத்தில் அப்படி ஓர் எழுத்தரை உட்காரவையுங்கள். சிறுவனாக மாறன் கப்பலிலிருந்து இறங்கிய நாளில் அவர் அவனை எழுதி வைத்திருக்கட்டும். இடது கையில் இரண்டு விரல் மடங்காது, சிறுவயதில் செக்கில் நசுங்கியது, என்று ஒரு வரி. மாறன் பெரிய வீரன் ஆனபிறகு கையுறைக்குள் மறைத்துக்கொண்ட குறை அது. ஏரியில் தெரியும் பிம்பத்திலிருந்து பிறந்த போலிக்கு மாறன் வெளியே காட்டிய உடம்புதான் கிடைக்கும், மறைத்தது கிடைக்காது.

இந்த யோசனை என்னுடையது இல்லை. புகழேந்திப் புலவருடையது. நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வரத்துக்கு நான்கு தேவர்கள் நளன் உருவத்திலேயே வந்து அமர்கிறார்கள். ஐந்து நளன்கள். மாலையோடு நிற்கும் அந்தப் பெண் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்?

கண்ணிமைத்த லால்அடிகள் காசினியில் தோய்தலால்
வண்ண மலர்மாலை வாடுதலால்

தேவர்கள் கண் இமைப்பதில்லை, அவர்கள் கால் தரையில் படுவதில்லை, அவர்கள் மாலை வாடுவதில்லை. இமைக்கிற, மண்ணில் கால் பாவிய, மாலை வாடிப்போன ஒருவன்தான் நளன். அழகையும் வீரத்தையும் வைத்துப் பார்த்தால் ஐந்தும் ஒன்று. சோர்வை வைத்துப் பார்த்தவளுக்கு ஆள் கிடைத்துவிட்டான். நீங்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வைக்கப்போவதாகச் சொல்லும் ‘உண்மையைக் காட்டும் மணிக்கல்’ இதன் பக்கத்தில் நிற்குமா? கல்லை யார் பிடித்தாலும் ஒளிரும். வாடிய மாலையைப் பார்க்க அதைத் தேடும் கண் வேண்டும்.

ரொட்டிக்காரர் கதையை முடித்துவிடுகிறேன். மூன்றாவது அடி விழப்போகும்போது பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எண்பது வயதுப் பாட்டி ஒருவர். கண் அநேகமாகத் தெரியாது. ‘பாவிகளா, இடது செருப்பை இழுத்து இழுத்து வந்தானே, காதில் விழவில்லையா? பேய்க்கு ஏதடா முழங்கால் வலி?’ என்று கத்தினார். தடி இறங்கிவிட்டது. இருபது ஆண்கள், நான்கு டார்ச், ஒருவருக்கும் தெரியாததைப் பார்வையில்லாதவர் சொன்னார். ரொட்டிக்காரர் நடந்து போகத் தொடங்கிய நாளிலிருந்து, இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவர் அந்தப் பாட்டி ஒருவர்தான்.

மாறன் தலைமறைவாகித் தனியாகவே போலியைத் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் மாற்றலாம். சியமந்தக மணிக்காகப் பிரசேனனைக் கொன்றான் என்று கண்ணன்மேல் பழி வந்தபோது அவன் ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டுதான் காட்டுக்குப் போனான். பிரசேனனைச் சிங்கம் கொன்ற தடயம், சிங்கத்தைக் கரடி கொன்ற தடயம் இரண்டையும் அவர்கள் கண்ணால் பார்க்கவைத்தான். பிறகுதான் குகைக்குள் தனியாகப் போனான். விநாயகர் சதுர்த்தி நிலவைப் பார்த்தால் வீண்பழி வரும் என்று அன்றைக்கு நம் வீடுகளில் பிள்ளைகளை உள்ளே இழுப்பார்களே, அந்தக் கதைதான். மாறனோடு அவனை நம்பாத ஒருவனை அனுப்புங்கள். நண்பன் வேண்டாம். படகோட்டியின் தம்பி சரியாக இருப்பான். ஒவ்வொரு இரவும் அவன் பக்கத்தில் மாறன் தூங்கியாக வேண்டும்.

பழி நீங்கிய பிறகு என்ன ஆகும் என்பதில் பாதிப்பேர் சோம்பல்படுவார்கள். நீங்கள் படவேண்டாம். மணிமேகலை நல்ல நோக்கத்தோடுதான் காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவம் எடுத்தாள். ஆனாலும் அந்த வடிவத்தைத் தன் மனைவி என்றே நம்பிய காஞ்சனன் இளவரசன் உதயகுமரனை வெட்டிவிட்டான், அவள் சிறைக்குப் போனாள். உண்மை விளங்கியபோது உதயகுமரன் எழுந்து வரவில்லை. படகோட்டி வீட்டில் ஒரு சிறுமி பிழைத்திருக்கிறாள் என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதிவிட்டு அவளை மறந்தேவிட்டீர்கள். தன் தாயைக் கொன்ற முகம் மாறனுடைய முகம். அது போலி என்று ஆயிரம் பேர் விளக்கினாலும், அவன் தெருவில் வரும்போது அவள் கதவுக்குப் பின்னால் போவாள். அவன் அதை அறிந்து வேறு தெரு வழியாகப் போகத் தொடங்குவான். மன்னிப்புக் கேட்கும் ஊர்க்கூட்டத்துக்குப் பதிலாக அதை எழுதுங்கள்.

எங்கள் ரொட்டிக்காரர் மறுவாரமே வேலைக்குப் போனார், நாங்களும் ரொட்டி வாங்கினோம், யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. பாதை சரியானதும் மறுபடி சைக்கிள். ஆனால் அன்றிலிருந்து வீட்டு வாசலில் ஏறியது முதல் பேக்கரி வாசல்வரை, ஆள் இல்லாத ரோட்டில், மணியை அடித்துக்கொண்டே போனார். ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் என் வீட்டைக் கடந்து போகும்.

கடைசியாகப் பெயர். ‘நிழலன்’, ‘மாயமாறன்’, ‘இருள்மாறன்’ என்று மூன்று அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றும் வேண்டாம், பெயர் வைத்துவிட்டால் வாசகனுக்குப் பிரித்துப் பார்ப்பது எளிதாகிவிடும், பாதிப் பயம் போய்விடும். ஊரார் வாயில் இருவருக்கும் மாறன் என்றே பெயர் இருக்கட்டும். கதை சொல்பவருக்கு மட்டும் ஒரு சொல் தேவை, அது நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. அ, இ, உ மூன்றும் சுட்டு என்பது தொல்காப்பியம். இவன் பக்கத்தில் இருப்பவன், அவன் தொலைவில் இருப்பவன், இரண்டுக்கும் நடுவில் இருப்பவன் உவன். யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் வழங்குகிறது. நாம் இங்கே தொலைத்துவிட்டோம். மாறனை ‘இவன்’ என்றே எழுதிக்கொண்டு வாருங்கள். போலி வரும் இடங்களில் ‘உவன்’ என்று எழுதுங்கள், விளக்கம் எதுவும் கொடுக்காமல். இரண்டாம் முறை வரும்போதே வாசகர் பிடித்துக்கொள்வார். பிறகு ஒரே ஒரு பத்தியில், மாறன் கோபத்தில் படகோட்டியின் தம்பியை அடிக்கக் கை ஓங்கும் இடத்தில், ‘உவன் கையை ஓங்கினான்’ என்று எழுதிப் பாருங்கள்.

நான்காம் அத்தியாயத்தைத் திருத்தியதும் அனுப்புங்கள். சிறுமியின் பெயரை மறக்காமல் எழுதுங்கள், அவளுக்கு நீங்கள் இன்னும் பெயரே வைக்கவில்லை.